முதலில் எந்த முடிவை மாணவர் கையில் கொடுப்பது?

ரீடிங் எடுத்து முடித்த மாணவர் நோட்டை நீட்டி, "இது சரியா வந்திருக்கா?" என்று கேட்பது எல்லா ஆய்வகங்களிலும் தினமும் நடக்கிறது. அவரிடம் கருவி இருக்கிறது, பத்து அளவீடுகள் இருக்கின்றன, சராசரி போடத் தெரியும், வரைபடம் வரையத் தெரியும். தான் எடுத்த அளவீட்டை நம்பலாமா என்பதைச் சொல்ல மட்டும் இன்னொருவர் வேண்டியிருக்கிறது. பட்டப்படிப்பின் கடைசி ஆண்டிலும் இந்தக் கேள்வி மாறாமல் வருகிறதென்றால், ஆய்வகத்தை நாம் அமைத்திருக்கும் விதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கரைசலின் செறிவை இன்னொன்றோடு வினைபுரிய வைத்துக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 மோலார் கரைசலில் 20 மி.லி. பிப்பெட்டில் எடு, இரண்டு சொட்டு பினாப்தலீன் விடு, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை பியூரெட்டிலிருந்து விடு, ஒத்த மதிப்பு கிடைக்கும்வரை திரும்பச் செய், சூத்திரத்தில் போடு. இதில் 20 மி.லி. ஏன்? பியூரெட் ரீடிங்கில் 0.05 மி.லி. தவறுவது இயல்பு. இறங்கிய அளவு 20 மி.லி. என்றால் அந்தத் தவறு 0.25 சதவீதம், 2 மி.லி. மட்டும் இறங்கியிருந்தால் 2.5 சதவீதம். கையேடு எழுதியவர் இதை யோசித்துத்தான் கரைசலின் செறிவையும் அளவையும் தேர்ந்தெடுத்தார். அந்த யோசனைதான் அறிவியல். மாணவரிடம் வந்து சேர்வது அதன் முடிவு மட்டுமே. எத்தனை தடவை, எந்த இடைவெளியில், எதை மாறாமல் வைத்து, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அச்சில் தீர்மானமாகிவிட்ட ஒரு வேலையில், "இது சரியா?" என்பதைத் தவிர அவர் கேட்பதற்கு வேறென்ன மிச்சம் இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்ட பல துறைகள் நேர் எதிர்ப்பக்கம் தாவுகின்றன. கையேட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "உங்களுக்குப் பிடித்த ஒரு கேள்வியை எடுத்து நீங்களே ஆராயுங்கள்" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தோற்கிறது. ஒளியைப் பகுத்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை அன்றுதான் முதன்முதலாகத் தொடுகிற மாணவர், அதை இயக்கக் கற்றுக்கொண்டே, புதிய கருத்தைப் புரிந்துகொண்டே, ஆராயத்தக்க கேள்வியையும் உருவாக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று புதிய வேலைகளைத் தலை தாங்காது. கல்வி உளவியலாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் வைத்த வாதம் இதுதான்: யோசிக்கும்போது தகவலைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் செயல் நினைவகத்தின் கொள்ளளவு சிறியது, அடிப்படை பிடிபடாதவரை வழிகாட்டலின்றி விடுவது கற்றலைக் கெடுக்கும். அந்த வாதத்தை, மாணவரே ஆராய்ந்து கற்கும் விசாரணை வழிக் கற்பித்தலுக்கு எதிரானதாகப் பார்க்கத் தேவையில்லை. எதை எப்போது விடுவிப்பது என்பதில் கவனம் வேண்டும் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம்.

அறிவியல் கல்வி ஆய்வாளர் மார்ஷல் ஹெரான் 1971-இல், கல்வியாளர் ஜோசஃப் ஷ்வாபின் கருத்தை ஒட்டி, ஆய்வகப் பயிற்சிகளை நான்கு நிலைகளாகப் பிரித்தார். கேள்வி, வழிமுறை, விடை மூன்றும் முன்கூட்டியே தெரிந்தால் நிலை 0. விடை மட்டும் தெரியாவிட்டால் 1. கேள்வி மட்டும் கொடுக்கப்பட்டால் 2. எதுவுமே கொடுக்கப்படாவிட்டால் 3. இன்றும் உதவுகிற அளவுகோல் இது. உங்கள் துறைக் கையேட்டை ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து இப்படித் தரம் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான பக்கங்கள் 0-இலும் 1-இலும் விழும். ஆனால் 1-இலிருந்து 2-க்குப் போகும் படி மிக உயரமானது. "வழிமுறை" என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றாக மாணவரிடம் ஒப்படைப்பதுதான் வேலை.

வரிசை பின்னாலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கடைசியில்தான் வர வேண்டும். முதலில் கொடுக்க வேண்டியது "இந்த அளவீடு போதுமா?" என்ற முடிவு. அடுத்தது "போதாது என்றால் எதை மாற்றுவேன்?" அதன்பிறகு எத்தனை புள்ளிகள், எதிலிருந்து எதுவரை, எந்த வரிசை. பிறகு எதை மாறாமல் வைப்பது. பிறகு எந்தக் கருவி. இத்தனையும் கைவந்தவருக்குத்தான் நல்ல கேள்வி எது என்று தெரியும். அளக்கக்கூடியது எது என்று தெரியாதவர் எழுப்பும் கேள்வி, எவ்வளவு ஆர்வத்தோடு வந்தாலும், இரண்டாம் வாரத்தில் சுவரில் முட்டி நிற்கும்.

ஊசலில் தொடங்கலாம்

முதல் முடிவை ஒப்படைக்க ஊசலைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. எல்லோரும் பள்ளியிலேயே செய்தது. அலைவு நேரம் வீச்சை, அதாவது ஊசலை எவ்வளவு கோணத்தில் விலக்கி விடுகிறோம் என்பதை, பொறுத்ததல்ல என்று எல்லோருக்கும் "தெரியும்". கேள்வியை நாமே கொடுத்துவிடுகிறோம்: ஒரு மீட்டர் ஊசலை 10 டிகிரியிலிருந்து விட்டாலும் 20 டிகிரியிலிருந்து விட்டாலும் அலைவு நேரம் ஒன்றுதானா? கருவியும் கொடுத்துவிடுகிறோம்: நூல், உலோகக் குண்டு, கோணமானி, ஸ்டாப்வாட்ச். எப்படி அளப்பது என்பதிலும் முதல் சுற்றுக்கு உதவலாம்: ஒரு அலைவை நேரம் பாருங்கள், பத்துத் தடவை.

கையால் இயக்கும் ஸ்டாப்வாட்சில் ஒரு ரீடிங்குக்கு ஏறக்குறைய 0.1 விநாடி சிதறல் வரும். பத்து ரீடிங்கின் சராசரி எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதைக் காட்டும் நிச்சயமின்மை, சிதறலின் அளவான திட்ட விலக்கத்தை ரீடிங் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சுமார் 0.03 விநாடி. இரண்டு கோணங்களுக்கும் உண்மையான வேறுபாடு ஏறக்குறைய 0.012 விநாடிதான். 10 டிகிரியில் அலைவு நேரம், வீச்சைக் கணக்கில் எடுக்காத எளிய சூத்திரத்தைவிட 0.19 சதவீதம் கூடும், 20 டிகிரியில் 0.77 சதவீதம் கூடும். 0.03-க்குள் 0.012 அமுங்கிப்போகும். ஆகவே முதல் சுற்றில் எல்லோரும் "வேறுபாடு இல்லை, கோட்பாடு நிரூபணமாயிற்று" என்று எழுதுவார்கள். பழைய முறையில் இத்தோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம்.

இங்கேதான் மாணவரிடம் ஒரு கருவியைக் கொடுக்க வேண்டும். இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை எடுத்து, இரண்டு நிச்சயமின்மைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டு, அதனால் வகுக்கச் சொல்லுங்கள். இந்த விகிதம் 1-க்குக் கீழே இருந்தால் இரண்டில் ஒன்று: மதிப்புகள் ஒத்துப்போகின்றன, அல்லது அளவீடு வேறுபாட்டைக் காட்டுமளவுக்குக் கூர்மையாக இல்லை. 3-க்கு மேலே போனால் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறது, அல்லது எல்லா ரீடிங்கையும் ஒரே பக்கம் தள்ளும் முறையான பிழை எங்கோ இருக்கிறது. 1-க்கும் 3-க்கும் நடுவில் எதுவும் சொல்ல முடியாது. கவனியுங்கள், மூன்று நிலையிலும் அடுத்து ஏதாவது செய்தாக வேண்டும். ரீடிங் எடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று மூடி வைக்க இந்த விகிதம் விடாது. ஆசிரியர் சொல்ல வேண்டிய "திரும்பச் செய்" என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது.

முதல் சுற்றில் விகிதம் 0.3-ஐ ஒட்டி வரும். "இதை வைத்து ஒன்று என்று சொல்லலாமா? சிதறலைக் குறைக்க என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த மேசையை விட்டு நகர்ந்துவிட வேண்டும். பெரும்பாலான குழுக்கள் கால் மணி நேரத்தில் அதே வழிக்கு வந்து சேரும்: ஒரு அலைவுக்குப் பதிலாக 20 அலைவுகளை நேரம் பார்ப்பது. ஸ்டாப்வாட்ச் அழுத்தும் தவறு அதே 0.1 விநாடிதான், ஆனால் அது 20 அலைவுகளுக்குப் பங்கிடப்பட்டு ஒரு அலைவுக்கு 0.005 ஆகிவிடுகிறது. பத்துத் தடவை செய்தால் 0.0016. விகிதம் 5-ஐத் தொடும். படித்த சூத்திரம் தோராயமானது என்பதைத் தங்கள் கையாலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நேரமும் போதும்: 20 அலைவு 40 விநாடி, இரண்டு கோணத்துக்கும் பத்துப் பத்துத் தடவை என்றால் கால் மணி நேரத்துக்கும் குறைவு, இடையில் குண்டை மறுபடி நிறுத்தி விடும் நேரத்தைச் சேர்த்தாலும் அரை மணி. மூன்று மணி நேர வகுப்பில் மூன்று சுற்றுக்கு இடமிருக்கிறது.

இந்தச் சோதனையில் தவறுகிற இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்குபவர் 20 என்று சொல்லும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். அலைவு நேரம் 5 சதவீதம் குறைந்து வரும். ஒரு கோணத்துக்கு ஒருவரும் மற்றதற்கு இன்னொருவரும் எண்ணி, ஒருவர் மட்டும் இப்படி எண்ணினால் விகிதம் 40 அளவுக்கு எகிறும். அந்த 40-ஐப் பார்த்ததும் ஆசிரியருக்குக் காரணம் தெரிந்துவிடும். சொல்லிவிடத்தான் வாய் வரும். சொல்லக் கூடாது. "விகிதம் 40 என்றால் வேறுபாடு எத்தனை சதவீதம்? அவ்வளவு பெரிய வேறுபாடு கண்ணுக்கே தெரிந்திருக்க வேண்டாமா?" என்பது போதும். அடுத்தது, ஊசல் திரும்பும் முனையில் நேரம் குறிப்பது. அங்கே குண்டு ஏறக்குறைய நின்றுவிடுகிறது, எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண் தடுமாறும். அதிவேகமாகக் கடக்கும் அடிப்புள்ளியில் குறித்தால் சிதறல் குறையும். 20 டிகிரியில் விட்ட ஊசல் இருபதாவது அலைவில் 20 டிகிரியில் இருக்காது; தொடக்கத்திலும் முடிவிலும் கோணத்தைக் குறித்துக்கொள்ளும் குழு அதைத் தானே கண்டுபிடிக்கும். இலேசான பந்தைக் கட்டினால் வீச்சு சீக்கிரம் தேய்ந்து எல்லாம் குழம்பும், ஆகையால் உலோகக் குண்டு என்பதை மட்டும் நாம் முடிவு செய்துவிடலாம்.

இப்படி ஒப்பிடு, சீர்திருத்து, மறுபடி ஒப்பிடு என்று சுற்ற வைத்த முறையை இயற்பியலாளர்கள் நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன், டக் பான் மூவரும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். அந்த மாணவர்கள், வழக்கமான முறையில் செய்தவர்களைவிட 12 மடங்கு அதிகமாக, யாரும் சொல்லாமலே தங்கள் சோதனை முறையை மாற்றவோ மாற்ற முன்மொழியவோ செய்தார்கள். கோட்பாட்டு மாதிரியின் எல்லையைத் தங்கள் தரவைக் கொண்டு கண்டு விளக்கியவர்கள் 4 மடங்கு. எனக்கு அதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. "ஒப்பிடு, சீர்திருத்து" என்ற குறிப்புகளை அவர்கள் படிப்படியாக விலக்கிக்கொண்டார்கள். விலக்கிய பிறகும் அந்தப் பழக்கம் நின்றது.

எந்தச் சோதனை பொருந்தும்?

எந்தப் பழைய சோதனையையும் இப்படி மாற்றிவிட முடியாது. ஒரே ஒரு தகுதியைத்தான் பார்க்க வேண்டும்: பாடத்தில் படித்த எளிய மாதிரி, மாணவர் கையிலிருக்கும் கருவியால், இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றில் உடைய வேண்டும். முதல் சுற்றிலேயே உடைந்தால் அளவீட்டைக் கூர்மையாக்கும் தேவை எழாது. எவ்வளவு முயன்றாலும் உடையாது என்றால் முயற்சிக்குப் பலன் இல்லை என்றுதான் மாணவர் கற்றுக்கொள்வார்.

நெருக்கமாகச் சுற்றிய சுருள்வில்லில் ஒரு குறிப்பிட்ட சுமைவரை நீட்சியே இருக்காது. சுருள்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும் தொடக்க இழுவிசைதான் காரணம். நீட்சி, சுமை வரைபடம் ஆதிப்புள்ளி வழியே போகாததை மாணவர் "பிழை" என்று ஒதுக்குகிறாரா, சிறிய சுமைகளை வைத்து அந்தப் பகுதியைத் துருவுகிறாரா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். பல்பின் இழை ஓம் விதிக்கு அடங்காது, சூடாகச் சூடாக மின்தடை ஏறும். திறந்த பாத்திரத்தில் ஆறும் வெந்நீர், மூடிய பாத்திரத்தில் ஆறுவதுபோல் நியூட்டனின் குளிர்தல் விதிக்குக் கட்டுப்படாது. ஆவியாதல் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். நிறக்கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதன் அளவான உட்கவர்தல், செறிவு கூடக் கூட நேர்கோட்டிலிருந்து வளையும். உட்கவர்தல் 2-ஐ ஒட்டிப் போகும்போது கருவிக்குள் சிதறும் வேண்டாத ஒளியே அளவீட்டைக் கெடுத்துவிடும். இவையெல்லாம் எல்லா ஆய்வகங்களிலும் ஏற்கெனவே இருக்கும் பொருள்கள்தான்.

அடுத்த படி: வரிசையும் கட்டுப்பாடும்

அளவீட்டை மதிப்பிடப் பழகியவரிடம் திட்டமிடுதலைக் கொடுக்கலாம். உயிரியலில் ஈஸ்ட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இதற்கு அருமையாக அமையும். 1 கிராம் உலர் ஈஸ்ட்டை 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கலக்க வேண்டும். வடிதாளைக் காகிதம் துளையிடும் பஞ்ச்சால் சிறு வட்டுகளாக எடுத்து, ஈஸ்ட் கலவையில் நனைத்து, பெராக்சைடு உள்ள பீக்கரின் அடியில் விட வேண்டும். ஈஸ்ட்டிலுள்ள கேட்டலேஸ் நொதி பெராக்சைடைச் சிதைக்க, ஆக்சிஜன் குமிழிகள் தாளில் ஒட்டி அதை மேலே தூக்கும். அடியிலிருந்து மேற்பரப்புக்கு வர எத்தனை விநாடி? 3, 2, 1, 0.5 சதவீதம் என்று செறிவை மாற்றினால் என்ன ஆகிறது?

கேள்வியையும் நுட்பத்தையும் கொடுத்தாயிற்று. எத்தனை வட்டு, எந்த வரிசை, எதை மாறாமல் வைப்பது என்பதைக் குழு எழுதித் தர வேண்டும். ஏறக்குறைய எல்லாக் குழுவும் குறைந்த செறிவில் தொடங்கி அதிகச் செறிவில் முடிக்கும் வரிசையைத்தான் எழுதும், ஏனென்றால் அட்டவணை அப்படித்தான் அழகாக இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஈஸ்ட் செல்கள் அடியில் படிந்துகொண்டே போகின்றன. மேலிருந்து நனைத்த கடைசி வட்டுகளில் முதல் வட்டுகளைவிடச் செல் குறைவு. செறிவின் விளைவும் நேரத்தின் விளைவும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டன. இந்தத் தவறைச் செய்ய விடுங்கள், ஆனால் கண்டுபிடிக்க ஒரு வழியும் வையுங்கள்: "முதலில் செய்த செறிவைக் கடைசியில் இன்னொரு தடவை செய்து பாருங்கள்." இந்த ஒரு வரி போதும். தொடக்கத்தில் எடுத்த நேரமும் கடைசியில் எடுத்த நேரமும் ஒத்துப்போகவில்லை என்றதும் மேசையைச் சுற்றி ஒரு அமைதி நிலவும். பிறகு யாராவது ஒருவர் ஈஸ்ட் பீக்கரைக் கையில் எடுத்து அடியைப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கலக்க வேண்டும், செறிவு வரிசையைக் குலுக்கிப்போட வேண்டும் என்ற இரண்டும் அதற்குப் பிறகு மறக்காது. "சீட்டுக் குலுக்கி வரிசையை முடிவு செய்" என்று கையேட்டில் அச்சடித்திருந்தால் அது இன்னொரு சடங்காகப் போயிருக்கும்.

அதே சோதனையில் வேறு சிக்கல்களும் வரும். நனைத்த வட்டைப் பாத்திர விளிம்பில் ஒற்றாமல் போட்டால், தாளில் தொங்கும் கூடுதல் ஈஸ்ட் வேகத்தைக் கூட்டும். ஒரே பீக்கரில் பத்து வட்டுகளைப் போட்டால் கசிந்த ஈஸ்ட் பெராக்சைடையே கரைத்துத் தின்று செறிவைக் குறைத்துவிடும். தாளுக்குள் காற்று சிக்கியிருந்தால் வட்டு அடிக்கே போகாது. திரவத்தின் ஆழம் பீக்கருக்குப் பீக்கர் மாறினால் நேரங்களை ஒப்பிடவே முடியாது. இதையெல்லாம் ஆசிரியரும் ஆய்வகத்தில் அவருக்கு உதவும் டெமான்ஸ்ட்ரேட்டர்களும் முன்கூட்டியே தாங்களே செய்து, எந்தத் தவறு எண்ணில் எவ்வளவு மாற்றம் தருகிறது என்று குறித்து வைத்திருக்க வேண்டும். மாணவரிடம் சொல்வதற்காக அல்ல, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்திருப்பதற்காக.

வேதியியலில் கிரிஸ்டல் வயலட் சாயம் காரத்தில் மங்கும் வினை இதே இடத்தில் பொருந்தும். 0.00001 மோலார் அளவு சாயக்கரைசலை 590 நானோமீட்டரில் பார்த்தால் உட்கவர்தல் 1-ஐ ஒட்டி, அளக்க வசதியான இடத்தில் இருக்கும். சாயத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகமாக ஹைட்ராக்சைடு எடுத்தால் வினை முதல் வகை போல, அதாவது வேகம் சாயத்தின் செறிவை மட்டும் பொறுத்ததுபோல, நடக்கும். இங்கே கண்ணுக்குத் தெரியாத வில்லன், கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு பெட்டியான குவெட்டின் சுவர்: சாயம் அதில் ஒட்டிக்கொண்டு, வினை முடிந்த பிறகும் உட்கவர்தல் சுழியத்துக்கு வராது. அதைச் சரியாகக் கழிக்காமல் மடக்கை எடுத்தால் நேர்கோட்டின் வால் வளைந்து நிற்கும். அந்த வளைவை வினைவகையின் அடையாளம் என்று எழுதுகிறவர்களும் உண்டு, வெறும் நீர் ஊற்றிப் பார்த்துக் குவெட்டைக் குற்றவாளி ஆக்குகிறவர்களும் உண்டு. பழைய சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி வலுவிழந்திருப்பதும் அடிக்கடி நடக்கும்.

மேசையருகே நின்று என்ன சொல்வது

முறை எவ்வளவு நன்றாக வகுக்கப்பட்டிருந்தாலும், அதைக் கெடுக்க அன்பான டெமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் போதும். மாணவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வந்து பியூரெட்டைக் கையில் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவார். அந்த நிமிடத்தில் முடிவு மாணவர் கையிலிருந்து திரும்பப் பிடுங்கப்பட்டது. கருவியை மாணவர் அனுமதியில்லாமல் தொடக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம், பாதுகாப்பு சார்ந்தவை நீங்கலாக.

"இது சரியா?" என்று வருபவரிடம் திரும்பக் கேட்க மூன்று கேள்விகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்? வந்ததற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உங்கள் நிச்சயமின்மையைவிடப் பெரியதா? பெரியது என்றால் முதலில் எதைச் சந்தேகிப்பீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்துவரை எண்ணுவது கேள்வியைவிட முக்கியம். பத்து விநாடி மௌனம் மேசையருகே மிக நீளமாகத் தெரியும். பதில் ஏழாவது எட்டாவது விநாடியில்தான் வரும்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் கேள்வியாலேயே பதில் சொல்வதும் கொடுமை. கருவி ஆன் ஆகவில்லை, மென்பொருள் கோப்பைத் திறக்கவில்லை, பிப்பெட் பிடிக்கத் தெரியவில்லை என்றால் உடனே காட்டிக்கொடுக்க வேண்டும். அவற்றில் சிந்திக்க ஒன்றுமில்லை. ஒரு வகுப்புக்கு முன்பே கருவிப் பயிற்சியைத் தனியாக முடித்துவிடுவது இன்னும் நல்லது: தெரிந்த மதிப்புள்ள மாதிரி ஒன்றைக் கொடுத்து, அதை ஒரு குறிப்பிட்ட துல்லியத்துக்குள் அளந்து காட்டினால்தான் அடுத்த வாரம் சோதனை. பழைய செய்முறை விளக்கப் பாணி இங்கே முழுக்கப் பொருந்தும்.

டெமான்ஸ்ட்ரேட்டர்களுக்கும் தயாரிப்புக் கூட்டத்தில் விடைத்தாள் தரக் கூடாது. அவர்களையும் குழுவாக உட்காரவைத்து, அதே சோதனையை அதே நேரத்துக்குள் செய்ய விடுங்கள். தாங்களே ஒருமுறை திணறியவர்கள்தான் மற்றவர் திணறும்போது பொறுமையாக நிற்பார்கள்.

நோட்டும் மார்க்கும்

மாணவர் எதை மதிக்கிறார் என்பதை மார்க் முடிவு செய்கிறது. இதை வருத்தமாகப் பார்க்காமல் கருவியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்புக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு மார்க் இருக்கும்வரை, ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதும் பழக்கம் ஒழியாது. அந்த மார்க்கை முற்றிலும் எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அதற்குப் பதிலாக 100-க்கு, திட்டத்துக்கு 20, வகுப்பிலேயே எழுதும் நோட்டுக்கு 30, தரவை வைத்து எடுத்த முடிவுகளுக்கும் அவற்றுக்கான காரணங்களுக்கும் 35, வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு 15 என்று வைத்துப் பார்க்கலாம். நோட்டு பேனாவால் எழுதப்பட வேண்டும். தவறை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் காரணம் இருக்க வேண்டும். பக்கத்தின் வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் கோடு போட்டு, அங்கே முடிவுகளை மட்டும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள்: "10.40. ஒரு அலைவு போதவில்லை, விகிதம் 0.3. இனி 20 அலைவு." மதிப்பிடுபவர் அந்த ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தாலே குழு எப்படி யோசித்தது என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. வீட்டில் அழகாகப் படியெடுத்த ரெக்கார்ட் நோட்டு இந்த முறையில் தேவையே இல்லை.

வேறுபாடு எதுவும் கிடைக்காத குழுவுக்கும் முழு மார்க் கிடைக்க வேண்டும், "இவ்வளவுக்கு மேல் வேறுபாடு இருந்திருந்தால் எங்கள் அளவீட்டில் தெரிந்திருக்கும்" என்று எண்ணோடு சொல்ல முடிந்தால். இதை முதல் வகுப்பிலேயே சொல்லி, முதல் மதிப்பீட்டிலேயே செய்து காட்டாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சுதந்திரம் இல்லாத இடங்கள்

பாதுகாப்பில் மாணவர் முடிவு என்ற பேச்சே கிடையாது. திட்டத்தை எழுதித் தந்து ஆசிரியர் கையெழுத்து வாங்காமல் கரைசலைத் தொடக் கூடாது. பொருள் வாரியாக உச்ச வரம்பு சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்: உதாரணமாக பெராக்சைடு 3 சதவீதம், அமிலமும் காரமும் 1 மோலாருக்கு மேல் இல்லை. கண்ணாடி அணிவது, கழிவை எந்தக் கேனில் ஊற்றுவது ஆகியவற்றில் தேர்வு இல்லை. பட்டியலில் இல்லாத இரண்டு பொருளைக் கலக்க வேண்டும் என்றால் அதற்கான அபாயத் தகவலைக் குழுவே படித்து எழுதிவர வேண்டும்.

திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது: கேள்வி, எதிர்பார்ப்பு, எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எதை மாறாமல் வைக்கிறோம், என்ன முடிவு வந்தால் எதிர்பார்ப்பைக் கைவிடுவோம், தேவையான பொருளும் அளவும். கடைசிக்கு முந்தையதை எழுதத்தான் மாணவர்கள் மிகவும் சிரமப்படுவார்கள். பொருள் பட்டியல் வகுப்புக்கு நான்கு வேலை நாள் முன்பே ஆய்வக உதவியாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பத்துக் குழு பத்து விதமாகக் கேட்டால் சுமை முழுவதும் அவர் தலையில்தான் விழும். அதனால் அடர்ந்த ஒரே மூலக்கரைசலை மட்டும் தயாரித்துவைத்து, நீர்த்துக்கொள்ளும் வேலையைக் குழுக்களிடம் விடுவது எல்லோருக்கும் நல்லது. நீர்த்தல் கணக்கில் தடுமாறாத மாணவர் அபூர்வம், அந்தப் பயிற்சியும் கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சோதனைகள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. நான்கைந்துதான் முடியும். விட்டுப்போகும் சோதனைகளால் பாடக் கருத்து பலவீனமாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாடத்தை வலுப்படுத்துவதற்கென்றே அமைந்த ஒன்பது இயற்பியல் ஆய்வகப் படிப்புகளை மூன்று நிறுவனங்களில் ஹோம்ஸ் குழுவினர் ஆராய்ந்தபோது, அந்த ஆய்வகத்தை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் தேர்வு மதிப்பெண்ணில் அளக்கத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கருத்தைக் கற்பிக்க வகுப்பறை இருக்கிறது. அளவீட்டோடு மல்லுக்கட்ட ஆய்வகத்தைத் தவிர வேறு இடமில்லை.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மாணவர்களிடம் எரிச்சல் கிளம்பும். "சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித் தரவில்லை" என்பார்கள். பள்ளியிலிருந்து சரியான விடைக்கே பாராட்டு வாங்கி வந்தவர்களுக்கு இது உண்மையான வேதனை. அதை அலட்சியப்படுத்தாமல், இந்த வாரம் எந்த முடிவு அவர்களுடையது, எது நம்முடையது என்று பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போடுங்கள். எல்லை தெரிந்துவிட்டால் பாதிக் கோபம் அடங்கும். குழுவுக்கு மூன்று பேர் என்பது நல்ல அளவு. நான்காவது ஆள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார். கருவியை இயக்குபவர், பதிவு செய்பவர், "நம்பலாமா?" என்று கேள்வி கேட்பவர் என்ற மூன்று வேலையும் வாரம்தோறும் கைமாற வேண்டும். கெட்டிக்காரர் ஒருவரே மூன்றையும் செய்துவிடும் குழுவில், வைவாவின்போது அந்த வாரம் பதிவு செய்தவரிடம் பகுப்பாய்வையும், இயக்கியவரிடம் திட்டத்தின் காரணங்களையும் கேட்டால் போதும்.

கேள்வியே மாணவருடையதாக இருக்கும் கட்டம் பருவத்தின் கடைசி மூன்று வாரங்களுக்கு. முதல் வாரம் முன்னோட்டம் மட்டும்: மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் மூன்று தடவை, கிடைத்த சிதறலை வைத்து இந்தக் கேள்விக்கு இந்தக் கருவியால் பதில் கிடைக்குமா என்ற கணக்கு. கிடைக்காது என்று வந்தால் அன்றே கேள்வியை மாற்றிக்கொள்ளலாம், மார்க் குறையாது. இரண்டாம் வாரம் முழு அளவீடு. மூன்றாம் வாரம் எதிர்பாராததைத் துருவ. நோட்டின் கடைசிப் பக்கத்தை அடுத்த அணிக்காக ஒதுக்கச் சொல்லுங்கள்: எந்த வீச்சில் அளந்தால் வேறுபாடு தெரிகிறது, எந்தக் கிளாம்ப் நழுவுகிறது, எந்தக் கேள்விக்கு நேரம் போதவில்லை, எதை முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்து அடுத்த பருவத்தில் தொடங்கும் குழுக்களிடம், கையேட்டுக்குப் பதிலாகக் கொடுத்துவிடலாம்.